555 புத்தகமும் ஐந்தாண்டுத் திட்டமும்

சிங்கப்பூரில் திவாலாகாமல் தப்பிக்கச் சட்டப்படியே ஒரு வழி உண்டு. அதற்கு முதல் தகுதி, உங்கள் மேல் ஒரு திவால் மனு விழுந்திருக்க வேண்டும். 2009இல் வந்த கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்தில் நாமே நேரே போய்ச் சேர்ந்துவிட முடியாது. மனு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நிலையான சம்பளமும் 150,000 வெள்ளிக்கு மேற்படாத கடனும் இருந்தால், சட்ட அமைச்சின் நொடிப்பு அதிகாரியிடம் அனுப்புவார்கள். அவருக்கும் சரியென்று பட்டால், மாதாமாதம் கட்டி அதிகபட்சம் ஐந்து ஆண்டில் தீர்க்கலாம். பெயருக்கு முன்னால் 'திவால்' ஒட்டாது. என் மச்சான் இப்போது அதில்தான் இருக்கிறார். சொந்தக்காரர்கள் விசாரித்தால், நேரு மாமா மாதிரி, "ஐந்தாண்டுத் திட்டம் போய்க்கிட்டிருக்கு" என்கிறார்.

எண்பதுகளில், மார்சிலிங்கில் எங்கள் புளோக்கின் கீழே இருந்த கடையில், கடன் கொடுக்கும் அதிகாரி ஒருவரே. பனியன், சாரோங், காதில் பென்சில். தலைக்கு மேலே கயிற்றில் தொங்கிய மைலோ டின்தான் கல்லாப்பெட்டி. இழுத்தால் இறங்கும், விட்டால் மேலே போய்விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் அட்டையில் 555 என்று அச்சடித்த, உள்ளங்கை அகலக் குறிப்புப் புத்தகம். எங்களுடையது அரிசித் தொட்டிக்கு மேலே, ரப்பர் பேண்டில் மற்றவர்களுடையதோடு சேர்ந்து கிடக்கும். "கணக்குல எழுதிக்கச் சொன்னாங்க மாமா" என்று நான் சொல்ல வேண்டியதுதான். ரொட்டி, பால் டின், முட்டை அஞ்சு. அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் சம்பளம் போட்டதும் அம்மா இறங்கிப் போவார். மாமா பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்.

வட்டி கிடையாது என்பார்கள். எல்லாப் பொருளும் வெளியே விற்பதைவிடப் பத்துக் காசு கூட என்பது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பது மாமாவுக்கும் தெரியும். கடன் மதிப்பீடும் உண்டு. எந்த வீட்டில் ஓவர்டைம் நின்றது, எந்த வீட்டு அண்ணன் நாலு நம்பர் லாட்டரிக்குப் பணம் கட்டுகிறார் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில். பாக்கி எகிறினால் கடிதமெல்லாம் வராது. அடுத்த முறை நாம் போகும்போது, கடையில் நாலு பேர் இருக்கப் பார்த்து, "அப்பாவுக்கு உடம்பு சுகந்தானே?" என்று சத்தமாக விசாரிப்பார். அன்று சாயங்காலமே அம்மா ஏதாவது கட்டிவிடுவார்.

1998இல் காஸ்வே பாயிண்ட் கடைத்தொகுதி வந்தது. சில வருஷத்தில் மாமா கடையை மூடினார். கடன் மட்டும் மூடவில்லை, ஏசி போட்ட இடத்துக்கு மாறியது.

மச்சானுக்கு இன்று எந்த வங்கியும் கார்டு கொடுக்காது. பேருந்துக் காசு வரை எழுதி வரவுசெலவுக் கணக்கு காட்டுகிறார். சென்ற மாதம் அவர் வீட்டு ஐஸ்பெட்டி படுத்துவிட்டது. கடைக்குப் போனோம். விற்பனைப் பெண் நம்ம பிள்ளைதான். "மூணு தவணையா கட்டலாம் அண்ணே, வட்டி இல்ல. போன்ல ரெண்டு நிமிஷம்" என்றது. இந்தப் 'பிறகு கட்டு' நிறுவனங்களுக்கு 2022இல் நடத்தை நெறிகள் வந்தன. ஒரு நிறுவனத்திடம் பாக்கி 2,000 வெள்ளியைத் தாண்டுவதற்குத்தான் கூடுதலாகத் தகுதி பார்க்க வேண்டும். ஒரு ஐஸ்பெட்டி அதற்குள் தாராளமாக அடங்கும். அரசாங்கமே கணக்குப் பார்க்கும் ஒரு மனிதரை அந்தப் பெண்ணின் போன் எதுவும் கேட்காமல் நம்பத் தயாராக இருந்தது. மாமாகூட அப்படி நம்பியதில்லை.

மச்சான் என்னைப் பார்த்தார். "இது கடன் இல்லடா, தவணை."

திட்டத்துக்கு வெளியே புதுப் பாக்கி சேர்ந்து, அதனால் மாதக் கட்டு தவறினால், திட்டம் தோற்றதாகச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். பிறகு பழைய கடன்காரர்கள் திவால் மனுவோடு திரும்பி வரலாம். தோற்றதற்கும் சான்றிதழ் கொடுக்கும் ஊர் இது. கடைக்கு வெளியே நின்று நான் இதைச் சொன்னபோது, மச்சான் பழைய ஐஸ்பெட்டி விற்பவர் ஒருவரைத் தெரியும் என்றார். ரொக்கம் கொடுத்து வாங்கினோம். கதவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அட்டை மடித்துச் சொருகியிருக்கிறார்.

கீழே மினிமார்ட்டில் ஒருநாள் மச்சான் ஆசைக்குக் கேட்டும் பார்த்தார்: "தம்பி, கணக்குல எழுதிக்கிறியா?" கல்லாவில் இருந்த பையன் திருவாரூர்ப் பக்கம். "எங்க ஊர்ல எழுதுவோம் அண்ணே. இங்க முதலாளி திட்டுவாரு," என்று கியூஆர் அட்டையை நகர்த்தி வைத்தான்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சானின் போன் இரண்டு தடவை ஒலித்தது. ஒன்று, திட்டத்துக்கு இந்த மாதப் பணம் கட்ட அவரே வைத்துக்கொண்ட நினைவூட்டல். மற்றது, ஏதோ ஒரு செயலியிலிருந்து: வாழ்த்துகள், உங்களுக்கு 1,500 வெள்ளி வரை அனுமதி. அதைச் சத்தமாக வாசித்தார்.

அம்மா ரசம் ஊற்றுவதை நிறுத்தினார். "சம்பளம் கூட்டிட்டாங்களா மாப்ள?"