மனு முந்துமா, தீர்ப்பு முந்துமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மூன்று மாத வாடகை பாக்கி. திவால் மனு போட்டால் வீட்டைக் காலி செய்வதைத் தள்ளிப்போடலாம் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: பாதி உண்மை, மீதி தேதியைப் பொறுத்தது. தீர்ப்புக்கு முன்பே உங்கள் மனு பதிவானால், அந்த நொடியே வெளியேற்ற வழக்கு நிற்கும். அமெரிக்க திவால் சட்டத்தின் 362-ஆம் பிரிவு தரும் தடை அது. நீதிபதி தனியாக உத்தரவு போட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரர் கைகட்டி நிற்க மாட்டார். தடையை நீக்கச் சொல்லி திவால் நீதிமன்றத்துக்குப் போவார். வாடகை கட்டாதவர் விஷயத்தில் பெரும்பாலும் அது நீங்கியும் விடும். உங்களுக்கு மிஞ்சுவது சில வாரங்கள்.

கேள்வி: காலி செய்யச் சொல்லித் தீர்ப்பே வந்துவிட்டதே?

பதில்: அந்தக் கதவை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏறக்குறைய மூடிவிட்டது. சின்ன இடுக்கு ஒன்று உண்டு. தீர்ப்புக்குப் பிறகும் பாக்கியைக் கட்டி வீட்டில் தொடர உங்கள் மாநிலச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அதை உறுதிமொழியாக மனுவோடு தாக்கல் செய்து, அடுத்த 30 நாளில் வரவேண்டிய வாடகையை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். அப்போது 30 நாள் கிடைக்கும். அதற்குள் முழுப் பாக்கியும் தீர வேண்டும்.

அவ்வளவு பணம் கையில் இருந்தால் திவால் எதற்கு? நியூ ஜெர்சியில், பூட்டு மாற்றிய பிறகும் மூன்று வேலை நாள் வரை முழு பாக்கியைக் கொடுத்தால் வீட்டுக்காரர் வாங்கியே ஆகவேண்டும். நேராக அவரிடமே கட்டிவிடுங்கள்.

கேள்வி: திவால் மனுவில் சாப்டர் 7 நல்லதா, சாப்டர் 13 நல்லதா?

பதில்: சாப்டர் 7 பழைய வாடகைக் கடனை அழிக்கும், வீட்டை மீட்டுத் தராது. சாப்டர் 13-இல் பாக்கியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம். ஆனால் இந்த மாத வாடகையை இந்த மாதமே கட்ட வேண்டும். போன வேலை திரும்பக் கிடைத்து, லீஸும் முடியாமல் இருப்பவருக்கு இது உண்மையான உதவி. வருமானமே இல்லாதவருக்கு இல்லை.

கேள்வி: லீஸில் எனக்காக நண்பர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பதில்: சாப்டர் 7-இல் நீங்கள் தப்பிப்பீர்கள், அவர் மாட்டுவார். சாப்டர் 13 நடக்கும்வரை அவருக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. வக்கீலிடம் போகும் முன் அவரிடம் சொல்லுங்கள். உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

கேள்வி: "பேப்பரை நான் பார்த்துக்கொள்கிறேன், பணம் மட்டும் கொடுங்கள்" என்கிறார் ஒருவர்.

பதில்: அவர் வக்கீல் இல்லையென்றால் சட்ட ஆலோசனை சொல்லவே அவருக்கு உரிமை இல்லை. மனுவுக்கு முன் கடன் ஆலோசனை வகுப்பு முடித்திருக்க வேண்டும். சொத்து, கடன் விவரமெல்லாம் தர வேண்டும். அரைகுறையாகப் போட்டால் தள்ளுபடி. ஓராண்டுக்குள் மறுபடி போட்டால் தடை 30 நாள்தான். உங்கள் நல்லெண்ணத்தை நிரூபித்தால்தான் நீளும். மூன்றாம் முறை தடை தானாக வராது.

கேள்வி: முடிவாக என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வாடகை பாக்கி மட்டும்தான் என்றால் திவால் வேண்டாம். சாப்டர் 7 மனுவுக்கே கட்டணம் 338 டாலர். கடன் அறிக்கையில் பத்து ஆண்டு தங்கும், அடுத்த வீட்டுக்காரரும் அதைப் பார்ப்பார். கிரெடிட் கார்டு, ஆஸ்பத்திரி பில் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தால் மட்டும் திவால் வக்கீலைப் பாருங்கள். எப்படியானாலும் வாடகை வழக்கின் விசாரணை நாளில் கண்டிப்பாகப் போய் நில்லுங்கள். போகாவிட்டால் எதிர்ப்பே இல்லாமல் தீர்ப்பாகிவிடும். வசதி குறைந்தவர்களுக்கு லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி இலவசமாக உதவுகிறது. இன்றே அவர்களைக் கூப்பிடுங்கள்.