மாவில் எழுதட்டும்

கேள்வி: மகனுக்குப் பத்து வயது. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான், வாசிக்கத்தான் வராது. கணக்கும் தடுமாற்றம். 'டிஸ்லெக்சியா' என்கிறார் டொக்டர். பாடசாலையை நிறுத்திவிட்டு, மலையில் வேலை முடிந்து வந்து நானே சொல்லிக்கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: சொல்லிக்கொடுங்கள் தங்கச்சி, நிறுத்த மட்டும் வேண்டாம். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம்.

பிள்ளைக்கு மூளை குறைவில்லை. எழுத்தும் ஒலியும் கைகோக்கிற இடத்தில்தான் சிக்கல். தமிழும் லேசுப்பட்டதா, 247 எழுத்து! 'கொழுந்து' என்று எழுதிப் பாருங்கள்: முதலில் கொம்பு, அப்புறம் க, பிறகு கால். வாயோ ககரத்தைத்தான் முதலில் பிடிக்கிறது. கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம் இழுத்தால் பிள்ளை எந்தப் பக்கம் போவான்?

ரொட்டிக்கு எடுத்த கோதுமை மாவில் ஒரு பிடியைத் தட்டில் பரப்புங்கள். 'கொ' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். தப்பினால் தட்டை ஓர் ஆட்டு ஆட்டினால் போதும். சிவப்புப் பேனாவுக்கு அங்கே வேலையே இல்லை. கண், காது, கை மூன்றும் சேர்ந்து படிக்கிற இந்த வழியை அமெரிக்காவில் 1930-களிலேயே ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் வகுத்தார்கள். தினம் இருபது நிமிடம், ஓர் எழுத்து. கணக்குக்குப் போத்தல் மூடிகள்.

புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை லயத்தில் யார் விசாரித்தாலும், அவன் வாயால் ஒரு கதை கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

டொக்டரின் கடிதத்தை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கும்படியும், எழுதக் கூடுதல் நேரம் தரும்படியும் கேளுங்கள். தயங்காதீர்கள், அது அவனுக்குச் சேர வேண்டியது.