சுயம்பாக ஸ்தல நிர்ணயம்

ஒரே அலுவலகத்தில் ஒரே பிரிவில் ஊழியம் புரியும் இருபது பேர், பகலெல்லாம் கணினியின் முன் அமர்ந்து ஒருவர்மேல் ஒருவர் வளர்த்துக்கொண்ட மனஸ்தாபங்களை, ஓர் இரவில் அடுப்பைச் சுற்றி நின்று வெங்காயம் அரிந்து கரைத்துக்கொள்ளலாம் என்னும் கொள்கை, சென்னை மாநகரத்துக் கம்பெனிகளில் ‘டீம் அவுட்டிங்’ என்ற நாமத்தால் வழங்கிவருகிறது. இதில் ஹோட்டலுக்குப் போய்ப் பரிமாறியதை உண்டு திரும்பும் வகை சாமானியமானது; ஆராய்ச்சிக்குத் தகுதியற்றது. தாமே சமைத்துத் தாமே உண்ணும் சுயம்பாக வகையே இங்கு விஷயம். அதிலும் பாகத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பாகத்துக்கு நளன் இருக்கிறான், வீமன் இருக்கிறான். வீமசேனன் பெயரால் ஒரு மடைநூல் பண்டு வழங்கியது என்பதைச் சிறுபாணாற்றுப்படையே குறிப்பால் உணர்த்துகிறது. அடுப்பை எந்த இடத்தில் மூட்டுவது, அந்த இடத்துக்கு வாடகை யாது என்பவையே நம் முன் நிற்கும் வினாக்கள். வீமனுக்கு இவ்வினாக்கள் எழாதது இயல்பே. விராடனுடைய அரண்மனை மடைப்பள்ளி முழுதாக ஓராண்டு காலம் அவனுக்கு வாடகையின்றிக் கிடைத்தது.

வானமே கூரையாக, கடற்கரை மணலிலோ தோப்பிலோ மூன்று கற்களை வைத்துச் சமைத்தால் என்ன என்பது பூர்வபட்சம். இதை எழுப்புகிறவர் பெரும்பாலும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞராக இருப்பார். கடற்காற்றில் அடுப்பு பிடித்து நிற்பதில்லை. நின்றாலும் சோற்றில் உப்புக்குப் பதிலாக மணல் சேரும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துச் சவுக்குத் தோப்புகளோ, விறகுக்கு உகந்த மரத்தின் காய்ந்த சருகு மெத்தைபோல் கிடக்கும் இடங்கள். அங்கே தீ மூட்டுகிறவன் தன் அடுப்பை மட்டும் மூட்டியவனாக மாட்டான். காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவதோ 1882ஆம் வருஷத்து வனச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே பூர்வபட்சம் இத்துடன் நிராகரிக்கப்படுகிறது.

இனி ரிசார்ட்டுகளும் பண்ணை வீடுகளும். இவற்றை ஆராய்ந்ததில் ஒரு விதி புலப்படுகிறது: வாடகை ஏற ஏற, அடுப்பின்மேல் வாடகைதாரருக்குள்ள பாத்தியதை குறைந்துகொண்டே போகும். பண்ணை வீட்டில் அடுப்பு உண்டு. ஆனால் சனி ஞாயிறு வாடகை ஒன்று, மற்ற நாள் வாடகை வேறு. நடுத்தர ரிசார்ட்டில் வெளிச் சாப்பாட்டுக்கே அனுமதியில்லை. உயர்தர ரிசார்ட்டில் ‘நீங்களே சமையுங்கள்’ என்று ஒரு திட்டம் இருக்கும். அதன்படி, தொப்பி அணிந்த சிப்பந்தி கரியடுப்பில் கோழியைத் திருப்பித் திருப்பிச் சுட, விருந்தினர் அருகில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வர். இதைவிட ஒகேனக்கல்லின் வழக்கம் எவ்வளவோ நாணயமானது. அங்கே மீனை நாம் வாங்கிக் கொடுக்க, ஆற்றங்கரையில் அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் குழம்பாகவும் வறுவலாகவும் ஆக்கித் தந்து கூலி பெறுகிறார்கள். சமைத்தவர் யார் என்பதில் அங்கே ஒருவருக்கும் மயக்கமில்லை.

கல்யாண மண்டபமே இவ்வாராய்ச்சியின் கேந்திரம். சுயம்பாகத்துக்கு வேண்டிய சாதனங்கள் யாவும் ஒருங்கே அமைந்த இடம் பூலோகத்தில் அது ஒன்றுதான். வரிசையாகக் கோட்டை அடுப்பு, அண்டா, ஐந்து கிலோ தேக்சா, பத்துக் கிலோ தேக்சா என்று அரிசியின் அளவாலேயே பெயர் பெற்ற பாத்திரங்கள், ஜல்லிக் கரண்டி, ஆளுயரத் துடுப்பு, வற்றாத போர்த் தண்ணீர், எச்சில் இலைக்குத் தனி வாசல் ஆகிய எதற்கும் குறைவில்லை. இருபது பேருக்கு மூன்று கிலோ சீரகச் சம்பாவும் அதற்குச் சரி எடை ஆட்டுக்கறியும் போட்டு ஆம்பூர்ப் பக்குவத்தில் தம் போட வேண்டுமானால், மூடிமேல் கங்கு அள்ளி வைப்பதற்கு அதைவிட வசதியான முற்றம் இல்லை. ஆனால் மானேஜர் என்று ஒருவர் மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். “கிச்சன் இருக்கு சார், தாராளமா இருக்கு. ஆனா எங்க கான்ட்ராக்டர்தான் சமைப்பாரு” என்பது அவர் திருவாக்கு. அதையும் பேசிக் கடந்தால் கரண்ட் சார்ஜ் தனி, க்ளீனிங் சார்ஜ் தனி, ஜெனரேட்டருக்கு டீசல் தனி, பாத்திரம் தேய்க்கும் ஆளுக்குத் தனி, எல்லாவற்றுக்கும் மேலே வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஒரு பட்டியல் நீள்கிறது. ஆயிரம் பேர் உண்ணும் கூடத்தில் இருபது பேர் ஒரு மூலையில் உட்கார்ந்து உண்பது, ஏதோ நின்றுபோன கல்யாணத்தின் மிச்சம்போல் தோன்றும் என்பதும் கணக்கில் சேர வேண்டிய நஷ்டமே.

இந்த இடத்தில்தான் முன்னோர் கவனியாத ஓர் உண்மையை நான் கண்டுகொண்டேன். மண்டபத்தின் மலிவு அது நிற்கும் தெருவைப் பொறுத்ததன்று, பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. முகூர்த்தம் உள்ள நாளில் மானேஜர் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. முகூர்த்தமற்ற நாளில் அவரே வாசலுக்கு வந்து வரவேற்கிறார். ஆகவே வாக்கியமோ திருக்கணிதமோ ஒரு பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதங்களையும் சோதிக்கலாயினேன். சித்திரையில் முகூர்த்தமும் உண்டு, வெயிலும் உண்டு. வைகாசி, ஆனி, ஆவணி, தை, மாசி ஆகியவை கல்யாணக்காரர்களுக்கே பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டவை. புரட்டாசியில் கல்யாணம் அருகும், மண்டபம் மலியும். ஆனால் பிரிவில் பாதிப் பேர் பெருமாளை உத்தேசித்துப் புலால் மறுத்திருப்பர். மலிவு வரும்போது பிரியாணி போய்விடுகிறது. ஐப்பசி அடைமழையும் தீபாவளியும் கொண்டது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர் மார்கழியில் மலைக்குப் போய் இறங்கும்வரை தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனிப் பார்வை. பங்குனியிலோ மார்ச் 31 வந்து விழுகிறது; அன்றைக்கு லீவு கேட்கும் துணிவு கணக்குப் பிரிவில் பிறந்தவருக்கு இராது. தவக்காலமும் இதை ஒட்டியே வருவதால் கிறிஸ்தவ நண்பர்களும் புலாலுக்கு விலக்கு. ரம்ஜான் நோன்பு ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால் எந்தத் தமிழ் மாதத்துக்கும் கட்டுப்படுவதில்லை. இரவு விருந்தாகையால் அது தடையுமன்று, ஒருவகையில் மிகவும் உசிதம்.

எஞ்சியது ஆடி. முகூர்த்தமில்லை, விரதமும் அவ்வளவு கடுமையில்லை. அம்மன் கோயில் கூழோடு எந்தக் குழம்பும் சேரும். ஆராய்ச்சி முடிந்தது என்று எழுந்து விசாரித்தால், அந்த மாதத்தில் மண்டபத்தை ஜவுளி வியாபாரிகள் கண்காட்சி விற்பனைக்கு எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். கோட்டை அடுப்பின்மேல் நைட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும் காட்சியை நான் இங்கு விவரிக்க விரும்பவில்லை.

அடுக்குமாடியின் மொட்டை மாடியைச் சிலர் சிபாரிசு செய்வர். பத்தொன்பது கிலோ சிலிண்டரை லிப்டில் ஏற்றலாமா என்பதிலேயே நலச் சங்கத்தின் செயலாளர் ஒரு பொதுக்குழுவைக் கூட்டிவிடுவார். அசைவம் என்ற சொல் எழுமானால் அவசரப் பொதுக்குழு. மாநகராட்சியின் சமுதாயக் கூடம் வாடகையில் மலிவு, ஆனால் காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று தக்க காரணம் உடையோர் முந்திக்கொள்கின்றனர். ‘மனஸ்தாப நிவர்த்தி’ என்று மனுவில் எழுத யாருக்கும் தைரியம் வருவதில்லை. மதுரை பாண்டி கோயிலைச் சுற்றி, கிடா வெட்டிச் சமைத்துப் பந்தி போடுவதற்கென்றே கூடங்கள் இருக்கின்றன. விறகு, பாத்திரம், தண்ணீர், ஆள் எல்லாம் கூப்பிடு தூரத்தில். லட்சணங்கள் முற்றும் பொருந்திய ஸ்தலம் என்று துணிந்து சொல்வேன். குற்றம் ஒன்றே: சென்னையிலிருந்து சுமார் 460 கிலோமீட்டர், மேலும் ஏதேனும் ஒரு நேர்த்திக்கடன் வேண்டும், கம்பெனிக்கு நேர்த்திக்கடன் கிடையாது.

ஆகச் சித்தாந்தம் வீட்டில் வந்து நிற்கிறது. இதற்கு இலக்கிய ஆதாரம் வலுவானது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளிடமிருந்து கண்ணகியை அடைக்கலமாகப் பெற்ற மாதரி, புதிய மனையும் கலங்களும் காய்கனியும் அரிசியும் பாலும் தந்து, கூடமாட உதவத் தன் மகள் ஐயையையும் அனுப்பினாள். கண்ணகி விரல் சிவக்க, முகம் வியர்க்கச் சமைத்தாள் என்று இளங்கோவடிகள் நுணுக்கமாகச் சொல்கிறார். வாடகை என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இன்றைக்கும் ஊரப்பாக்கத்துக்கு அப்பால் கொல்லையும் கிணறும் உள்ள வீடு ஒன்று பிரிவில் யாரேனும் ஒருவருக்கு இருக்கத்தான் செய்கிறது. “எங்க வீட்டுக்கே வந்துருங்க, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று அவர் வாய்விட்ட மறுகணம் இருபது பேரும் விலாசம் கேட்கிறார்கள்.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்வதில்லை என்பது மெய்யே. “நீங்க உக்காருங்கம்மா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று நாற்காலியில் அமர்த்தப்படுகிறார். தீப்பெட்டி எங்கே என்று ஒருவர் கேட்கிறார், அரிவாள்மனை எங்கே என்று இன்னொருவர். எண்ணெயில் பட்டையும் கிராம்பும் கருகும் வாசனை எழுகிறது, நாற்காலி காலியாகிறது. அதன்பின் தம் உடைக்கும் நேரம்வரை நடந்த காரியங்களைச் சுயம்பாகம் என்று சொல்ல இலக்கணம் இடம் தராது. இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் புறப்பட்ட பிறகு தேக்சாவைக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போகிறவரும் அவரே. இந்த ஸ்தலம் மலிவாக இருப்பதன் காரணம், அங்கே செலவு இல்லாததன்று. ஆகும் செலவு ஒருவர் முதுகில் ஏறி, கணக்கில் ஏறாமல் நிற்பதே.

மறுநாள் டீம் லீடர் செலவுத் தொகைக்கு விண்ணப்பம் போடுகிறார். கறிக்கடைக்கு ரசீது உண்டு, பாத்திரக் கடைக்கு ரசீது உண்டு, சவுக்கு விறகுக்குக்கூடத் துண்டுச் சீட்டு உண்டு. ‘இடம்’ என்ற பத்திக்கு நேரே அந்த அம்மாளுக்கு ஒரு நல்ல புடவை வாங்கிய தொகையைக் குறித்திருப்பதைப் பார்த்த கணக்குப் பிரிவு, இடத்தின் சொந்தக்காரருடைய ஜி.எஸ்.டி. எண் யாது என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்புகிறது. ‘இதரச் செலவு’ என்று மாற்றி எழுதினால் மட்டும் பாஸாகும் என்பது, இத்துறையில் பழுத்த அனுபவமுள்ள ஒரு குமாஸ்தாவின் அபிப்பிராயம்.