தொடர்செல் சூத்திரமும் உரையும்

தொடரின் நிறைவைத் தொகையால் அறியார்;
செல்தொறும் அளந்தே தெளிவர் புலவர்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த மூன்று லித்தியம்-அயன் செல்களைத் தொடராகக் கோத்து, கரண்ட் போனாலும் வைஃபை ரவுட்டர் அணையாதிருக்க வீட்டிலேயே பேக் கட்டியவன், அதற்குச் சார்ஜ் ஏற்றுமாறு உணர்த்துதல் நுதலிற்று.

ஈண்டுச் செல் என்றது 18650 எனப்படும் உருளையை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நிறைந்தால் 4.2 வோல்ட், வற்றினால் ஏறத்தாழ 3. மூன்று சேர்ந்தால் நிறைவு 12.6 வோல்ட். லித்தியம்-அயன் பேட்டரியை 1991இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது. அதன் மூலவர்களான குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பரிசுத்தொகை மூன்று சம பங்காகப் பிரிக்கப்பட்டது. செல்களைச் சமன்படுத்த வேண்டும் என்பதற்கு ஸ்டாக்ஹோமிலிருந்து இதைவிட வலுவான சான்று வராது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. அதைக் காட்டி, பத்தாண்டுப் பழைய செல்லும் உழைக்கும் என்று வாதிடுவது பொருந்தாது.

இனிப் பிறர் மதம் கூறி மறுப்பாம்.

முதலாவது அடாப்டர்வாதிகள். "பன்னிரண்டு வோல்ட் பேக், பன்னிரண்டு வோல்ட் அடாப்டர், இதில் ஆய்வென்ன?" என்பர். அற்றன்று. 12 வோல்ட்டில் செல்லுக்கு 4 வோல்ட்தான் சேரும், பேக் நிறையாது. காலியாகி 9 வோல்ட்டில் கிடக்கும் பேக்கை அதில் செருகினால், எத்தனை ஆம்பியர் பாயலாம் என்று வரம்பு சொல்ல ஒருவரும் இல்லை. நிறையவில்லையே என்ற மனக்குறையில் இவர்கள் பரணில் ஏறி லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை இறக்குவதுண்டு. செல்லுக்கு 6 வோல்ட்டுக்கும் மேல். அதன்பின் நடப்பது சுவரில் கரியால் எழுதப்படும். தனி உரை வேண்டா.

இரண்டாவது தொட்டுணர்வாதிகள். பேக்கின்மேல் உள்ளங்கையை வைத்து, "சூடு இல்லை, ஓடட்டும்" என்பவர்கள். காய்ச்சல் பார்க்கும் கை இதற்கு உதவாது. அளவுக்கு மீறி ஏற்றிய செல் உள்ளே கெட்ட பிறகே சூடு வெளியே தெரியும். அதற்குள் சில சமயம் கையை எடுக்கவும் நேரம் இராது.

மூன்றாவது போர்டுவாதிகள். இவர்களோடுதான் நமக்கு மெய்யான வழக்கு, பாதி சரியாகச் சொல்வதால். ரிச்சி தெருவில் "த்ரீ எஸ் பிஎம்எஸ் போர்டு" ஒன்று கேட்டு வாங்கி, பற்றவைத்துவிட்டு, எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவர். போர்டு காவலாளி, சார்ஜர் அன்று. ஏதேனும் ஒரு செல் 4.25 வோல்ட்டை ஒட்டி ஏறினால் கதவை அடைக்கும், அவ்வளவே. ஆம்பியரை அளந்து விடுவது அதன் வேலையில்லை. அதிலும் மலிவான போர்டு பலவற்றில் செல்களைச் சமன்படுத்தும் பகுதியே இராது.

சமன் எதற்கு? எனின், போர்டு இல்லாத பழைய பேக் ஒன்றில் மல்டிமீட்டர் முனைகளை இரு கோடிகளில் வைத்துப் பார்க்க. 12.60 என்று காட்டும், மனம் குளிரும். இனிச் செல் செல்லாக வைக்க: 4.21, 4.36, 4.03. கூட்டினால் அதே 12.60தான். நடுச்செல் ஆபத்தில் இருக்கிறது, மூன்றாவது குறையாக நிற்கிறது, தொகையோ பழுதின்றி இருக்கிறது. சூத்திரத்தின் உயிர்நிலை இவ்விடமே.

தொடரில் ஒரே மின்னோட்டம்தான் எல்லாச் செல்லிலும் பாயும். பந்தியில் மூவருக்கும் ஒரே அளவாகச் சோறு விழுகிறது. சிறுவயிற்றுக்காரர் இலையை மடித்தாலும், மற்ற இருவர் எழும்வரை மடித்த இலைமேலேயே பரிமாறுவது போன்றது இது. கொள்ளளவு குறைந்த செல் முதலில் நிறையும், முதலில் வற்றும். இருபுறமும் அடிபட்டு இன்னும் குறையும்.

ஆகவே செய்யற்பாலது. கோக்குமுன் மூன்று செல்களையும் தனித்தனியே 4.2 வரை ஏற்றிச் சமமாக்குக. 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லை, இலவசமாகவே வந்திருந்தாலும், சேர்க்கற்க. சால்டரிங் அயர்னைச் செல்லில் நேரே வைக்கற்க. சூடு உள்ளே இறங்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து தரும் கடைகள் உண்டு. நேர்முனையைச் சுற்றியுள்ள காகித வளையத்தை நகத்தால் தொட்டுப் பார்க்க. குமிழைத் தவிர்த்த செல்லின் உடம்பு முழுதும் எதிர்முனையே. அந்த வளையம் கிழிந்திருந்தால் நேருக்கும் எதிருக்கும் இடையே காவல் இல்லை.

போர்டு சமன் செய்யும் வகையாய் இருக்கட்டும். சார்ஜர் 12.6 வோல்ட் என்று அச்சிட்ட லித்தியம் சார்ஜராக இருக்கட்டும்: முதலில் ஆம்பியரை நிறுத்திப் பிடித்து, பின் வோல்ட்டை நிறுத்திப் பிடித்து, ஓட்டம் மெலிந்ததும் தானே ஓய்வது. 2600 மில்லிஆம்பியர்-மணிச் செல்லுக்கு 1.3 ஆம்பியர் போதும். சமன்போர்டு கசியவிடுவது 60 மில்லிஆம்பியர் என்று கொண்டால், செல்களிடையே 200 மில்லிஆம்பியர்-மணி வேற்றுமை தீர மூன்று மணிநேரத்துக்கு மேலாகும். அவசரக்காரர்கள் போர்டைக் குறை கூறுவதெல்லாம் இதனால் வந்தது.

நிக்கல் செல்களுக்கு இவ்வுரை செல்லாது. அவை 1.2 வோல்ட் குலம்; நிறைவை அறியும் முறையும் வேறு.

இடம்: சிமெண்ட் தரை. மெத்தை, சோபா, செய்தித்தாள் கட்டு ஆகியவை விலக்கப்பட்டன.

"மாலையில் போட்டுவிட்டு இரவு உறங்கலாமோ?" என்று மாணாக்கன் வினவ, "உறங்கலாம், பிளக்கைப் பிடுங்கியபின்" என்றவாறு.