சும்மாடு

எங்கள் மலையில் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஆயாவோடு நடந்து போன காலத்தில் அவள் தலையில் சும்மாடு இருக்கும். வைக்கோலையோ பழந்துணியையோ சுற்றி வைத்து, அதன்மேல் சாமை மூட்டை. மழை பிடித்துக்கொண்டால் கோணிப்பையின் ஒரு மூலையை இன்னொன்றுக்குள் செருகி எனக்குக் கொங்காணி போட்டுவிடுவாள். பெயர்க்காரணம் யாரும் கேட்டதில்லை. சும்மாடு என்றாலே சுமை காதில் விழுந்துவிடுமே!

பெயர் விளக்கம் கேட்கவைத்தது தாத்தாவின் தொப்பிதான். எந்தக் காலத்து அதிகாரியோ விட்டுப்போன வெள்ளைத் தொப்பி, காகிதம்போல் கனமில்லாதது. "வெயிலைத் தடுக்குது, அதனால சோலார் தொப்பி" என்றார் வாத்தியார். முப்பது வருஷம் நம்பினேன். பிறகுதான் தெரிந்தது, சோலா என்பது சதுப்பில் வளரும் ஒரு செடிக்கு வடக்கே உள்ள பெயர். தஞ்சாவூரில் கோயில் பொம்மை செதுக்குகிறார்களே, அந்த நெட்டிதான். வாத்தியாரின் சூரியன் அன்றோடு அஸ்தமனம்.

இப்போது ஹெல்மெட். பழைய ஜெர்மானிய வேர், 'மூடு, மறை' என்று பொருள். நரகத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததாம். சித்திரை மாத மதியத்தில் போளூர் பஸ் ஸ்டாண்டில் அதை மாட்டி நின்றவனுக்கு இதற்கு ஆதாரம் வேண்டாம். தமிழில் தலைக்கவசம் என்கிறோம். அதில் தலை மட்டும் நம்முடையது, கவசம் வடமொழி. அடிவாரத்துச் செங்கம் நடுகற்களில் ஆநிரைக்காகச் செத்த வீரர்கள் பலர், கையில் வில்லும் வாளும் இருந்தும், கொண்டை முடிந்த தலையோடுதான் நிற்கிறார்கள்.

2007இல் ஒருமுறை ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள், மறந்தார்கள். 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்றமே கட்டாயம் என்றது. இன்று அபராதம் ஆயிரம் ரூபாய். அக்கா மகன் சட்டத்தை மதிப்பவன். கொண்டை ஊசி வளைவுகளில் ஹெல்மெட் டேங்க் மேல் உட்கார்ந்து வரும். மலை இறங்கி, ரோடு நேரானதும் தலைக்கு ஏறும்.

"வளைவுல போடக் கூடாதாடா?"

"அங்க யாரு மாமா புடிக்கப் போறாங்க?"

போன வாரம் ஹெல்மெட்டுக்குள் வைக்கோல் பரப்பி, போளூர்ச் சொந்தக்காரருக்கு நாட்டுக்கோழி முட்டை இருபது. மலை முழுக்க, "பத்திரம் மாமா, உடஞ்சிடும்" என்றபடி ஓட்டினான். அடிவாரத்தில் முட்டைகளை என் வேட்டி மடிக்கு மாற்றிவிட்டு, அவசரத்தில் வைக்கோலோடேயே எடுத்து மாட்டிக்கொண்டான். பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். விளிம்பில் பிதுங்கிக்கொண்டிருந்தது ஆயாவின் சும்மாடு.