மஞ்சளா, நீலமா?

மஞ்சள் சட்டைச் சென்னை சூப்பர் கிங்ஸும் நீலச் சட்டை மும்பை இந்தியன்ஸும் ஐபிஎல் பிளே-ஆஃபில் மோதும்போது மும்பையின் மாட்டுங்கா, தாராவி, செம்பூர்த் தமிழ் வீடுகளில் நிலவும் பதற்றம் தனி வகையைச் சேர்ந்தது. ஒரே வீட்டில் இரண்டு அணி, ஒரே டிவி, ஒரே ரிமோட்.

முதலில் விதி. பட்டியலில் முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகளுக்கு மட்டுமே பிளே-ஆஃப். 2011 முதல் உள்ள முறைப்படி, முதல் இரண்டு அணிகள் குவாலிஃபையர்-1இல் மோதும். வென்றவர் நேரே இறுதிக்குப் போவார்; தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாவதும் நான்காவதும் மோதும் எலிமினேட்டரில் தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மறுவாய்ப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. 2013இல் மும்பை, டெல்லியில் சென்னையிடம் 48 ரன்னில் தோற்றது. சுற்றி வந்து கொல்கத்தா இறுதியாட்டத்தில் அதே சென்னையை 23 ரன்னில் வென்றது. 2019இல் சென்னை, தன் சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் மும்பையிடம் தோற்றது. சுற்றி வந்து ஹைதராபாத் இறுதியாட்டத்தில் அதே மும்பையிடம் 1 ரன்னில் மறுபடியும் தோற்றது.

அடுத்து வரலாறு. 2010 முதல் 2019 வரை இவ்விரு அணிகளும் நாக்-அவுட் கட்டத்தில் ஒன்பது முறை மோதின. மும்பைக்கு ஐந்து, சென்னைக்கு நான்கு. அவற்றுள் நான்கு இறுதியாட்டங்கள். 2010 மட்டும் சென்னைக்கு, மற்ற மூன்றும் மும்பைக்கு. கோப்பைகளோ ஆளுக்கு ஐந்து. எனவே வாக்குவாதத்தில் இறங்குபவர் தமக்குத் தோதான கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சொந்த மைதானக் கணக்கை எடுக்காதிருப்பது இரு தரப்புக்கும் நல்லது: 2014 எலிமினேட்டரில் சென்னை வென்றது மும்பையின் பிரபோர்ன் மைதானத்தில், 2019இல் மும்பை வென்றது சேப்பாக்கத்தில்.

ரசிகர்களைப் பிரிப்பது இதைவிடக் கடினம். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினரின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அவர்கள் ஊருக்குப் போக நம்பியிருக்கும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் சென்னைக்குள் நுழைவதே இல்லை. சேப்பாக்கத்தை டிவியில் மட்டுமே பார்த்தவர் மஞ்சள் சட்டைக்காக அடுத்த வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்துகிறார். அவருடைய மகனோ சயான் ஆஸ்பத்திரியில் பிறந்து, மைதானத்தில் மராத்தியில் சண்டை போட்டு வளர்ந்தவன், நீலம். பாட்டி தோனி கட்சி. தோனி எந்தச் சட்டை போட்டாலும் அவருக்குச் சம்மதம்.

வீரர்களைப் பார்த்தும் தெளிவு கிடைக்காது. 2024இல் சென்னையின் கேப்டனான ருதுராஜ் கெய்க்வாட் புனேக்காரர். 2019 இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்பட்டபோது மும்பையின் மலிங்காவிடம் எல்பிடபிள்யூ ஆன சென்னை வீரர் ஷர்துல் தாக்கூர். மும்பைக்கு வடக்கே உள்ள பால்கரைச் சேர்ந்தவர். பத்து சீசன் நீலத்தில் ஆடிய ஹர்பஜன் சிங், 2018இல் மஞ்சளுக்கு வந்ததும் தமிழில் ட்வீட் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டம் மும்பையின் வான்கடே மைதானத்தில் என்றால், மாட்டுங்கா ரோட்டில் ஏறிச் சர்ச்கேட்டில் இறங்கலாம். செம்பூர்க்காரர் ஹார்பர் லைனில் சிஎஸ்எம்டி வந்து நடக்க வேண்டும். மஞ்சள் சட்டைக்காரர்கள் போகும்போது இந்தியில் பேசுவது பாதுகாப்பு. சென்னை வென்றால் திரும்பும்போது தமிழில் பேசிக்கொள்ளலாம்.

யார் வெல்வார் என்பதைக் கணிப்பது எளிதல்ல. யார் தோற்கமாட்டார் என்பதைச் சொல்லிவிடலாம். மும்பைத் தமிழர் தோற்கமாட்டார். சென்னை வென்றால் அவருடைய தாய்மொழி வென்றது. மும்பை வென்றால் அவருடைய ரேஷன் கார்டு வென்றது. எனவே இந்த ஆட்டத்தை வைத்து அவரிடம் ஒரு கப் காப்பிக்குக்கூடப் பந்தயம் கட்டாதீர்கள்.