பெண்ணையாறு தாண்டினால்

கேள்வி: நாடு முழுக்க மதுவிலக்கு வந்தால் குடி ஒழியுமா?
(வாசகர் ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: மஞ்சக்குப்பத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது! 1948-ல் சென்னை மாகாணம் முழுக்கக் கடையை மூடினார்கள். பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாண்டி; அங்கே அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. போகும்போது ஆள் சைக்கிளை ஓட்டினார்; வரும்போது சைக்கிள் ஆளைக் கூட்டிவந்தது.

நாடு முழுக்க என்றால் பாண்டியும் காயும். அப்புறம் கள்ளச்சாராயம்தான். கடை திறந்திருக்கும்போதே 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அது சிரிக்கிற விஷயமில்லை.

கஜானா? 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். குடிக்காதவரும் கட்டினார். 1971-ல் கருணாநிதி கடையைத் திறந்தார், 1974-ல் மூடினார், 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். வரி மட்டும் ஒருநாளும் மூடவில்லை. இப்போது பெயரை மாற்றிக்கொண்டு உங்கள் மளிகைப் பில்லில் உட்கார்ந்திருக்கிறது.